பொட்டு வைத்த ஆயில் மூடி

தம்பிகளே, இப்போது இந்தத் தொழிலுக்கு வந்திருக்கும் தங்கைகளே, பழைய வண்டி பார்த்துச் சொல்வது எப்படி என்று நாலு பக்கம் எழுதித் தரச் சொன்னீர்கள். உங்களுக்கு எதற்கு நான்? கையில் டேப்லெட் இருக்கிறது. அதில் இருநூறு கேள்வி இருக்கிறது. வைப்பர் ஓடுகிறதா, டிக். ஹார்ன் அடிக்கிறதா, டிக். கண்ணாடி இறங்குகிறதா, அதற்கும் ஒரு டிக். எல்லாம் பச்சையாக வந்ததும் வண்டியோடு ஒரு செல்ஃபி. அப்படியும் வாங்கியவன் மூன்றாம் மாதமே உங்கள் ஆபீஸ் வாசலில் வந்து நின்று கத்துகிறான். அதனால்தான் ரிட்டயர் ஆனவனைக் கூப்பிட்டிருக்கிறீர்கள் என்று எனக்கும் தெரியும்.

ஸ்போர்ட்ஸ் செடான், அதாவது வேகத்துக்கென்றே செய்த தாழ்வான கார், அதைப் பற்றித்தான் எழுத வேண்டுமாம். நம் பக்கத்தில் அந்த வண்டியை வாங்குகிறவர்களை நினைத்தால் எனக்கு முதலில் சிரிப்புதான் வரும். மீட்டரில் இருநூற்று ஐம்பது வரை எழுதியிருக்கும். நன்னிலத்திலிருந்து கும்பகோணம் போய்ச் சேர்வதற்குள் எத்தனை மதகு, எத்தனை வேகத்தடை, எத்தனை ஆட்டுக்குட்டி! அறுவடைக் காலத்தில் ரோட்டில் பாதி நெல் காயும், மீதிப் பாதியில் வைக்கோல் கிடக்கும். வண்டியின் வயிற்றுக்கும் தரைக்கும் நடுவில் ஒரு சாண்கூட இருக்காது. இதை வைத்துக்கொண்டு தாராசுரத்துக் கல்யாண மண்டபத்துக்குப் போய் இறங்கி, சாவியை விரலில் சுற்றிக்கொண்டு நிற்பார்கள். அவ்வளவுக்குத்தான் என்ஜினில் முந்நூறு குதிரைச் சக்தி.

ஆகவே அந்த மாதிரி வண்டியைப் பார்க்கப் போனால் முதலில் குனியுங்கள். வெள்ளைச் சட்டை அழுக்காகும், பரவாயில்லை. மதகு ஏறி இறங்கி அடிவயிறு கிழிந்திருக்கிறதா என்று பாருங்கள். சைலன்சரைச் சுற்றி வைக்கோல் கருகி ஒட்டியிருந்தால், அந்த வண்டி என்றோ ஒரு நாள் தீப்பிடிக்காமல் தப்பித்திருக்கிறது. நாலு டயரும் நாலு கம்பெனியா என்று பாருங்கள். மீட்டர் முப்பதாயிரம் காட்டுகிறது, பிரேக் பெடல் ரப்பரோ வழவழவென்று தேய்ந்து கிடக்கிறது என்றால் ரப்பரை நம்புங்கள். பானெட் மேல் கையை வையுங்கள். நீங்கள் வருமுன்பே அது சூடாக இருந்தால், காலையில் ஸ்டார்ட் ஆக மறுத்ததை யாரோ மறைக்கிறார்கள்.

இதெல்லாம் உங்கள் இருநூறில் வந்துவிடும். அதில் வராத ஒன்றைத்தான் சொல்லப்போகிறேன். அதில் மண்ணைக் கவ்வியவன் நான்தான், தொழிலில் முப்பது வருஷம் கிழித்தபிறகு.

தேன்மொழி என்று ஒரு மாட்டு டாக்டர். நன்னிலம் பக்கத்தில் சொந்தமாகக் கிளினிக் வைத்திருக்கிறார். அவருடைய ஊரிலேயே, பெரிய வீடு என்று எல்லாரும் சொல்கிற வீட்டில், ஒரு ஸ்போர்ட்ஸ் செடான் விலைக்கு வந்திருந்தது. டர்போ பெட்ரோல் என்ஜின், கருநீலம், ஆறு வருஷ வண்டி. வாங்கிய அந்த வீட்டு மகன் துபாயில். வருஷத்துக்கு இருபது நாள் லீவில் வந்து ஓட்டிவிட்டுப் போவான். மீட்டரில் பதினோராயிரம் கிலோமீட்டர்தான். டாக்டர் என்னைத் தஞ்சாவூருக்கே தேடி வந்துவிட்டார்.

"மாடு பாக்கப் போறதுக்கு எதுக்கு டாக்டர் இந்த வண்டி? வயல் வரப்புல ஓட்டுவீங்களா?" என்று கேட்டேன். என் வாய் சும்மா இருக்காது.

"மாடு பாக்க பைக் இருக்கு சார். இது எனக்கு" என்றார். அதற்குமேல் நான் கேட்கவில்லை.

வெள்ளிக்கிழமை காலையில் என் பழைய வண்டியில் இருவரும் கிளம்பினோம். வழியில்தான் விஷயத்தைச் சொன்னார். அவருடைய அப்பா முருகையன் அந்தப் பெரிய வீட்டு வயலில் முப்பது வருஷம் கூலி வேலை பார்த்தவர். அந்த வீட்டு வண்டியை அவர் மகள் வாங்க வருகிறாள் என்பது ஊர் முழுக்கத் தெரிந்துவிட்டது.

"சார், வண்டி நல்லாருந்தா கையோட வாங்கிடுவேன். நல்லால்லன்னா நான் வேணாம்னு சொல்ல முடியாது. நான் சொன்னா, 'பாரு, வாங்க வக்கில்ல, வெல கேட்டதும் ஓடிட்டா'ன்னுதான் ஊர் பேசும். எங்கப்பா தெருவுல நடக்க முடியாது. வண்டியிலதான் கோளாறுன்னு நீங்க சொல்லணும். அவங்க எதிர்லயே சொல்லணும். அதுக்குத்தான் ஒங்களக் கூட்டிட்டுப் போறேன்."

"அட, இதென்ன பிரமாதம்! முப்பது வருஷமா இதத்தானே பண்றேன்" என்றேன். எவ்வளவு சுலபமாக வந்தது பாருங்கள் அந்த வார்த்தை.

பத்து மணிக்குப் போய்ச் சேர்ந்தோம். போர்ட்டிகோவில் வீட்டுப் பெரியவர் நின்றிருந்தார். எழுபத்தைந்து வயது, சலவை வேட்டி, நெற்றியில் விபூதி. என்னைப் பார்த்து, "வாங்க தம்பி, வாங்க. தஞ்சாவூர்லேந்து வெயில்ல வந்துருக்கீங்க, ஒக்காருங்க" என்றார். டாக்டரைப் பார்த்து, "வா, முருகையன் மவதானே நீ?" என்றார்.

நாற்காலி வந்தது. ஒரே ஒரு நாற்காலி. நான் உட்கார்ந்தேன். இதை எழுதும்போது இப்போதும் எனக்குக் காது சுடுகிறது. டாக்டர் தூணுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருக்கிறார், நான் கால்மேல் கால் போட்டுக்கொண்டு டிகிரி காபி குடிக்கிறேன். காபி வேறு முதல் தரம். வெட்கம் கெட்டவன்.

காபி முடிந்து வண்டியைப் பார்க்கப் போனோம். முன்பு டிராக்டர் நின்ற ஷெட்டில் வண்டி நின்றது. அடடா, என்ன பளபளப்பு! பெயின்ட் சோதிக்கும் கருவியை வைத்தேன், எங்கும் ஒட்டு வேலை இல்லை. சீட்டில் கசங்கல் இல்லை. சர்வீஸ் புத்தகத்தில் வருஷம் தவறாமல் முத்திரை. பெரியவர் பக்கத்திலேயே நின்று, "வெள்ளிக்கெழம தவறாம ஸ்டார்ட் பண்ணிப் பூச போட்ருவேன் தம்பி. ஒரு வாரம் விட்டதில்ல. எனக்கு ஓட்டத் தெரியாது, பட்டன அமுக்கத் தெரியும்" என்றார். ஆகா, எவ்வளவு அக்கறை என்று நானும் தலையாட்டினேன்.

பானெட்டைத் திறந்தேன். உள்ளே சாமி அறை மாதிரி இருந்தது. என்ஜினைத் துடைத்து, ஆயில் ஊற்றும் மூடிமேல் சந்தனம் குழைத்து வைத்து, நடுவில் குங்குமப் பொட்டு. பக்கத்தில் ஒரு முழம் மல்லிகை. அந்த மூடியைத் திருகித் திறந்து அடியில் பார்ப்பதுதான் இந்த வேலையில் ஆனா ஆவன்னா. உங்கள் டேப்லெட்டில்கூட அது இருக்கும். என் கை போனது, பொட்டைப் பார்த்தது, திரும்பி வந்துவிட்டது. காலையில் அவர் குளித்துவிட்டு வைத்த பொட்டை என் கிரீஸ் கையால் அழிக்க மனசு வரவில்லை. அதுவும் அவர் காபி இன்னும் நாக்கில் இருக்கும்போது.

பானெட்டைச் சாத்திவிட்டு, "தங்கம்ங்க. கண்ண மூடிட்டு வாங்கலாம்" என்றேன். கண்ணை மூடியிருந்தது யார் என்று உங்களுக்கே தெரியும்.

இதற்குள் டாக்டர் வண்டிக்குப் பின்னால் போய்க் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். வண்டியைப் பார்க்கவே இல்லை. பின்சுவரையும் தரையையும் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு உள்ளுக்குள் சிரிப்பு. வண்டி பார்க்கத் தெரியாத மனுஷி பாவம், சுவரைப் பார்க்கிறார்.

"சார், இங்க வாங்களேன். இது என்ன கரி?" என்றார்.

சுவரில் முழங்கால் உயரத்துக்குக் கீழே, சைலன்சர் குழாய் இரண்டுக்கும் நேராக, தோசைக்கல் அளவில் இரண்டு கறுப்பு வட்டம். அழுத்தமான கறுப்பு. அதன் கீழே தரையில் தண்ணீர் சொட்டிச் சொட்டித் துருநிறக் கறை. டாக்டர் குரலைத் தாழ்த்தி, "மாட்டப் பாக்கறதுக்கு முன்னாடி கட்டுத்தறியப் பாப்போம் சார். ஒரே எடத்துல கெடந்த மாடுன்னா தரையே சொல்லிடும். இந்த வண்டி வருஷத்துல முக்காவாசி நாள் இந்த எடத்த விட்டு நகரவே இல்ல போலருக்கே?" என்றார்.

அந்த இரண்டு வட்டத்தைப் பார்த்ததும் எல்லாம் விளங்கிவிட்டது. வெள்ளிக்கிழமைதோறும் பட்டனை அமுக்குவார், கற்பூரம் காட்டும்வரை என்ஜின் நின்ற இடத்தில் உறுமும், பிறகு அணைத்துவிடுவார். பத்து நிமிஷம். என்ஜின் முழுதாகச் சூடாகவே சூடாகாது. உள்ளே வியர்த்த தண்ணீர் ஆவியாகி வெளியே போகாமல் ஆயிலோடு கலக்கும். வருஷத்தில் நாற்பத்தொன்பது வாரம் இதே கதை. சும்மா விட்டிருந்தால்கூட அந்த என்ஜின் கொஞ்சம் நன்றாக இருந்திருக்கும். பூஜை போட்டே கொன்றிருக்கிறார்.

"அந்த மூடியத் தொறந்தீங்களா சார்?" என்று டாக்டர் கேட்டார்.

"பொட்டு வச்சிருக்கு டாக்டர்..." என்று இழுத்தேன்.

"பொங்கலுக்கு மாட்டுக்கும்தான் பொட்டு வைக்கிறாங்க. வாயத் தொறந்து பாக்காமயா வந்துடறோம்?"

போய் அவரே பானெட்டைத் தூக்கினார், மூடியைத் திருகினார். அடியில் காபி நுரை மாதிரி, வெளுத்த பழுப்பில், வழவழவென்று அப்பியிருந்தது. என்னிடம் நீட்டினார். நான் பார்த்தேன். பெரியவரும் பார்த்தார். "அது ஒண்ணுமில்ல, சந்தனம் உள்ள போயிருக்கும்" என்றார் பெரியவர். சத்தியமாக அப்படித்தான் சொன்னார்.

ஓட்டிப் பார்க்க வேண்டும் என்று டாக்டர் கேட்டார். பெரியவர் மணியைப் பார்த்தார். பத்தே முக்கால்.

"ராகுகாலம் பொறந்துருச்சு. வெள்ளிக்கெழம பத்தர பன்னெண்டு. இப்ப வண்டி வாசலத் தாண்டக் கூடாது. வேணும்னா இங்கயே முன்ன பின்ன நகத்திப் பாருங்க."

"அய்யா, தை மாசம் ஒங்க செவலப்பசு கன்னு போட முடியாம கெடந்துச்சே, அன்னிக்கும் வெள்ளிக்கெழமதான். பதினோரு மணிக்கு, 'டாக்டரம்மா, ஒடனே வாங்க'ன்னு போன் பண்ணீங்க. நான் ராகுகாலம் பாத்தா வந்தேன்?"

குரலை உயர்த்தவே இல்லை. கேட்டுவிட்டுக் கையை நீட்டினார். பெரியவர் சாவியைக் கொடுத்துவிட்டார். எனக்குக் கைதட்ட வேண்டும்போல் இருந்தது. தட்டவில்லை என்பதைச் சொல்லத் தேவையில்லை.

டாக்டர்தான் ஓட்டினார். கூத்தாநல்லூர் பக்கம் திரும்பி நல்ல ரோட்டில் விட்டார். முதல் அஞ்சு கிலோமீட்டர் அவர் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். பள்ளிக்கூடத்தில் முதல் பரிசு வாங்கிய பிள்ளை மாதிரி இருந்தது. நான் நூற்றுக்கணக்கான பேருக்கு வண்டி பார்த்துக் கொடுத்திருக்கிறேன். வண்டியை ஓட்ட வாங்குகிறவர்களைவிட வண்டியைக் காட்டிக்கொள்ள வாங்குகிறவர்கள்தான் அதில் அதிகம். இவருக்கு ஓட்டப் பிடித்திருந்தது, அவ்வளவுதான்.

அதற்குப் பிறகு ஸ்டியரிங் நடுங்க ஆரம்பித்தது. ஒரே இடத்தில் நின்று டயர் சப்பையாகியிருந்தது. பத்தாவது கிலோமீட்டரில் டர்போ கீச்சென்று கத்தியது. கண்ணாடியில் பார்த்தேன், பின்னால் நீலப் புகை. ரயில்வே கேட் மூடியிருந்தது, நிறுத்தினோம். நின்றதும் மீட்டரில் சிவப்பு விளக்கு மினுக் மினுக் என்றது.

"ஆயில் பிரஷர் டாக்டர். ஆஃப் பண்ணிடுங்க" என்றேன்.

அணைத்தார். "எவ்வளவு நாள் தாங்கும் சார்?"

"ஓட்டுனா ஒரு மாசம். மொதல்ல டர்போ போவும், அப்பறம் என்ஜின். பிரிச்சு வேல பாத்தா வண்டி வெலயில பாதி வந்துரும்."

கேட்டைப் பார்த்துக்கொண்டே ஸ்டியரிங்கை ஒருமுறை தடவிக்கொடுத்தார். "ரொம்ப ஆசையாதான் சார் இருந்துச்சு" என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, "சரி. வேணாம். வாசல்ல நீங்க சொல்லிடுங்க" என்றார்.

"சொல்றேன் டாக்டர்."

ரயில் போனது. கொஞ்சம் ஆறவிட்டு, மெதுவாக ஊர்ந்து திரும்பினோம். பெரிய வீட்டு வாசலில் இப்போது அஞ்சாறு பேர் கூடியிருந்தார்கள். முருகையன் மகள் வண்டி வாங்குவதைப் பார்க்க வந்த கூட்டம். பெரியவர் எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, "என்ன தம்பி, தங்கம்தானே? நீங்கதானே சொன்னீங்க?" என்றார்.

தம்பிகளே, நான் அங்கே நின்ற நிலையை யோசித்துப் பாருங்கள். ஒரு மணி நேரத்துக்கு முன்னால் தங்கம் என்று சொன்னவன் இப்போது தகரம் என்றால், முதலில் தகரமாகிறவன் நான். முப்பது வருஷப் பேரு. கண்ணைத் திறந்து பார்க்கவில்லை, பொட்டுக்குப் பயந்துவிட்டேன், சுவரைப் பார்த்து மாட்டு டாக்டர்தான் கண்டுபிடித்தார் என்று அஞ்சாறு பேர் எதிரில் சொல்ல வேண்டும். மூன்றே வார்த்தை. என்ஜின் போச்சு, வாங்காதீங்க. டாக்டர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் சொன்னது இதுதான்: "ராகுகாலத்துல எதுக்குங்க பேசி முடிக்கணும்? இன்னொரு நாள், நல்ல நாளாப் பாத்து வர்றோம்."

பெரியவர் முகம் மலர்ந்துவிட்டது. "நான்தான் அப்பவே சொன்னேனே!" என்று கூட்டத்தைப் பார்த்தார். பிறகு டாக்டரிடம் ரொம்பவும் கனிவாக, "இந்தாம்மா, பணம் பொரட்டணும்னா வெக்கப்படாம சொல்லு. ரெண்டு தவணையா வாங்கிக்கறேன். ஒங்கப்பன் நம்ம வீட்டு ஆளு" என்றார். கூட்டத்தில் ஒருவன் சிரித்தான்.

"வேணாங்கய்யா" என்று மட்டும் சொல்லிவிட்டு டாக்டர் நடந்தார். நான் பின்னாலேயே ஓடினேன். கிளினிக் வாசலில் இறங்கும்போது ஃபீஸ் கவரை நீட்டினார். "எனக்கெதுக்கு டாக்டர்..." என்றேன். "மாடு செத்தாலும் வந்ததுக்கு நாங்க வாங்கிக்கறதுதான் சார்" என்றார். வாங்கிக்கொண்டேன். அதையும் மறைக்கவில்லை.

பத்து நாள் கழித்து வேறொரு வண்டி பார்க்க நன்னிலம் போனேன். பஸ் ஸ்டாண்டு பக்கத்து டீக்கடையில் பேச்சு காதில் விழுந்தது. "பெரிய வீட்டு வண்டிய வாங்கப் போச்சாம்ல மாட்டு டாக்டரு. ஓட்டி ஆசயத் தீத்துக்கிட்டு, கடைசில காசு பத்தலன்னு வந்துருச்சாம். அப்பனக் கேட்டா வாயத் தொறக்க மாட்டேங்கறாரு."

எனக்குக் கோபம் வந்தது. யார்மேல் என்று கேட்காதீர்கள். டம்ளரை வைத்துவிட்டு எழுந்து, "யோவ், அந்த வண்டி செத்த வண்டி. பாத்தவன் நான்தான். கண்டுபிடிச்சது அந்த டாக்டர். காசெல்லாம் அவங்ககிட்ட இருக்கு" என்று கடை அதிரக் கத்தினேன். ஒருவன் டீயை உறிஞ்சிக்கொண்டே, "அப்ப அன்னிக்கே அங்கயே சொல்லிருக்கலாமே சார்?" என்றான். மற்றவர்கள் சிரித்தார்கள். சரியான கேள்வி, நான் காசைக் கொடுத்துவிட்டுக் கிளம்பினேன்.

ஆனாலும் உள்ளுக்குள் ஒரு நிம்மதி. எப்படியோ சொல்லிவிட்டோம், கணக்கு நேராகிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். சாயங்காலமே டாக்டரிடமிருந்து போன். நன்றி சொல்லத்தான் கூப்பிடுகிறார் என்று, பாருங்கள் என் புத்தியை, தொண்டையைக் கனைத்துக்கொண்டு எடுத்தேன்.

"டீக்கடையில சத்தம் போட்டீங்களாமே சார்?"

"ஆமா டாக்டர். மனசு கேக்கல."

அந்தப் பக்கம் ஒரு மாடு கத்துவது கேட்டது. யாரிடமோ, "கயித்த இறுக்கிப் பிடிங்க" என்றார். பிறகு போனுக்குத் திரும்பி வந்தார்.

"டீக்கடையில சொல்ல எனக்கு ஆள் இருக்காங்க சார். அந்த வாசல்ல சொல்றதுக்குத்தான் ஒங்களக் கூட்டிட்டுப் போனேன்."